1931 சென்சஸில் கொள்ளுத்தாத்தா பெயர் கிடைக்காது

"1931 சென்சஸ் தாள்கள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கு, பின்னி மில்லில் வேலை பார்த்த கொள்ளுத்தாத்தா பெயரைச் சொன்னால் எடுத்துத் தருவாங்க" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அதை நம்பி யாரும் லீவு போட்டுவிட்டுப் போக வேண்டாம்.

இங்கிலாந்தில் 1921 கணக்கெடுப்பை வீடு வாரியாக, பெயரோடு பார்க்கலாம். நம்மூரில் எண்ணி அட்டவணை போட்டதும் தாள்களை அழித்துவிட்டார்கள். மிஞ்சியது சாதி, தொழில், மொழி வாரியான தொகைகள்தான். 1931 சாதிக் கணக்கை அடிக்கடி மேற்கோள் காட்டுவதால் பெயர்களும் இருக்கும் என்ற நினைப்பு வந்திருக்கலாம். 1948 சென்சஸ் சட்டப்படி தனிநபர் விவரம் ரகசியம் வேறு.

முதலில் மாநகராட்சி இறப்புப் பதிவேட்டைத் தேடுங்கள். இறந்த வருடம் தோராயமாகவாவது வேண்டும். வெறும் 'முனுசாமி' என்று போனால் பெரம்பூரிலும் புளியந்தோப்பிலும் எத்தனை முனுசாமிகளோ! தகப்பன் பெயரும் தெருப் பெயரும்தான் ஆளைப் பிரித்துக் காட்டும். கிறிஸ்தவக் குடும்பமென்றால் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) சட்டம் வந்த 1952-க்குப் பிறகும் மில்லில் இருந்திருந்தால் பழைய பெட்டியில் பி.எஃப். சீட்டு இருக்கலாம்.

எழும்பூருக்கும் போகலாம், ஆனால் 1921 பின்னி மில் வேலைநிறுத்தம் பற்றிய அரசாணைகளுக்காக. அங்கே தாத்தா பெயர் அகப்பட்டால் அதிர்ஷ்டம். அகப்படாவிட்டாலும், அவர் காலத்து மில் எப்படி நடந்தது என்பதாவது தெரியும்.