அசையாமல் நிற்கும் நாயைப் பாராட்டாதீர்கள்

"எங்கே தொட்டாலும் பேசாமல் நிற்கிறதே, எவ்வளவு சாதுவான நாய்!" காப்பகத்திலிருந்து வந்த பயந்த நாயைப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பாராட்டுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. அந்த நாய் பயத்தில் விறைத்து நிற்கிறது. வாய் இறுக மூடியிருக்கிறது. காதுகள் தலையோடு ஒட்டிக் கிடக்கின்றன. வால் அடிவயிற்றுக்குள் செருகியிருக்கிறது. முகத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரமாக ஓட்டி உங்கள் கையையே கவனிப்பதால் விழியின் வெள்ளை தெரிகிறது. ஓட வழியில்லை, எதிர்க்கத் துணிவில்லை என்றான பிறகு அதற்கு மிஞ்சியது அசையாமல் நிற்பது ஒன்றுதான். அதை நல்ல குணம் என்று சொல்லி, பக்கத்தில் நிற்பவரையும் தொட்டுப் பார்க்க அழைக்கிறோம்.

இத்தகைய நாய்களைத் தற்காலிகமாக வீட்டில் வைத்துத் தேற்றி, நிரந்தர வீடு கிடைத்ததும் அனுப்பிவைக்கும் வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். பயந்த நாய்க்கு நாம் முதலில் கொடுக்க வேண்டியது விலகிப் போகும் உரிமை. அன்பைக் காட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு.

1967-இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் நாய்களை வைத்துச் செய்த சோதனையொன்றை வெளியிட்டார்கள். தப்ப முடியாதபடி கட்டிவைத்து நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு, ஒரு தாழ்வான தடுப்பைத் தாண்டினாலே தப்பிவிடலாம் என்ற இடத்தில் அவற்றை விட்டார்கள். பல நாய்கள் தாண்டவே இல்லை. கிடந்த இடத்திலேயே கிடந்து வலியை வாங்கிக்கொண்டன. படிக்கவே மனம் கசக்கும் சோதனை அது. 'எதைச் செய்தாலும் பயனில்லை என்று அந்த நாய்கள் கற்றுக்கொண்டன' என்றுதான் அப்போது விளக்கம் தந்தார்கள். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2016-இல், அதே இருவரும் அந்த விளக்கத்தைத் தலைகீழாக மாற்றினார்கள். நீண்ட துன்பத்தில் செயலற்றுப் போவது உயிரின் இயல்பான எதிர்வினை, அதைக் கற்க வேண்டியதில்லை. கற்க வேண்டியது 'என் செயலால் நிலைமை மாறும்' என்பதைத்தான் என்றார்கள்.

இந்தத் திருத்தம் என் வேலையின் அடிப்படையையே சொல்லிவிடுகிறது. ஒரு பயந்த நாய்க்கு நான் கற்றுக்கொடுக்க வேண்டிய முதல் பாடம் 'உட்கார்' என்பதோ 'வா' என்பதோ கிடையாது. "நீ தலையைத் திருப்பினால் என் கை நின்றுவிடும். நீ எழுந்து போனால் யாரும் பின்னால் வர மாட்டார்கள்." இதுதான் பாடம். இதை நாய் நம்பத் தொடங்கும்வரை மற்ற எதையும் அதன் மேல் ஏற்றக் கூடாது.

இப்போது என்னுடன் இருப்பவள் செவலை. வந்த புதிதில் மேசைக்கு அடியில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். அவளை அங்கிருந்து இழுத்து வெளியே எடு, மடியில் வைத்துக்கொள், தானாகப் பழகிவிடும் என்று அறிவுரை சொன்னவர்கள் உண்டு. 'பழகிவிடும்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. ஒளிந்துகொள்ளும் இடத்தைப் பறித்தால் நாய் பழகுவதில்லை, எதிர்ப்பதை விட்டுவிடுகிறது. நான் அந்த மேசைக்கு ஒரு துணியைத் தொங்கவிட்டு, அவளுடைய மறைவிடத்தை இன்னும் நல்ல மறைவிடமாக்கினேன். தண்ணீரை அதன் அருகிலேயே வைத்தேன். அந்த இடத்துக்குள் மனிதக் கை நுழையாது என்பது வீட்டில் எல்லோருக்கும் சட்டம்.

பிறகு, அதே அறையில் தரையில் உட்கார்ந்துகொள்வேன். அவளுக்கு நேராக அல்லாமல் பக்கவாட்டில், கையில் ஒரு புத்தகத்தோடு. நேருக்கு நேர் பார்ப்பதும், மேலிருந்து குனிவதும், தலைக்கு மேல் கையை நீட்டுவதும் பயந்த நாய்க்கு மிரட்டலாகவே தெரியும். நாம் பாசத்தோடு செய்கிறோம் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

உணவை வைத்து நாயைக் கிட்டே இழுப்பது பற்றி ஒரு வார்த்தை. கையில் இறைச்சித் துண்டை நீட்டி "வா, வா" என்று அழைப்பதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். பசி முன்னே தள்ளுகிறது, பயம் பின்னே இழுக்கிறது. கழுத்தை மட்டும் நீட்டி, பின்னங்கால்களை ஓடுவதற்குத் தயாராக ஊன்றிக்கொண்டு நாய் துண்டை எடுக்கிறது. துண்டு தீர்ந்ததும், தாங்க முடியாத நெருக்கத்தில் ஒரு மனிதர் இருப்பது அதற்கு உறைக்கிறது. கடி விழுவது அப்படிப்பட்ட கணத்தில்தான். அதனால் நான் துண்டை அவளுக்குப் பின்புறமாக எறிவேன். அதை எடுக்க அவள் என்னைவிட்டு விலகிப் போக வேண்டும். தின்றுவிட்டுத் திரும்பி வந்தால், வந்தது அவளுடைய விருப்பம். தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, குறைத்தவள் அவள்.

தொட அனுமதித்த பிறகும் சில விநாடிகள் வருடிவிட்டுக் கையை எடுத்துவிடுவேன். அவள் மூக்கால் இடித்து இன்னும் கேட்டால் தொடர்வேன். உதட்டை நக்கினாலோ, தூக்கம் இல்லாதபோது கொட்டாவி விட்டாலோ, முகத்தைத் திருப்பினாலோ அதோடு நிறுத்தம். வலி இருக்கும் நாயும் தொடவிடாது என்பதால், எந்த நாய் வந்தாலும் கால்நடை மருத்துவரிடம் முழுதாகக் காட்டிவிடுகிறேன். சில நாய்களுக்குப் பயத்தைக் குறைக்கும் மருந்தும் தேவைப்படும். மருத்துவர் சொன்னால் அதில் தயங்க வேண்டியதே இல்லை.

விலகும் உரிமை என்று நான் சொல்வது வாசற்கதவைப் பற்றி அல்ல. புதிதாக வந்த பயந்த நாய் வெளியே நழுவினால் பெயர் சொல்லி அழைத்தாலும் வராது. துரத்தினால் இன்னும் தொலைவுக்கு ஓடும். கழுத்துப்பட்டைக்கு ஒன்று, மார்புப்பட்டைக்கு ஒன்று என்று இரண்டு கயிறுகள் போடாமல் எந்தப் பயந்த நாயையும் நான் வாசலுக்குக் கொண்டுபோவதில்லை. பின்னோக்கி இழுத்து ஒரே உதறலில் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொள்வது அவற்றுக்குச் சுலபம்.

செவலையைப் பார்த்ததும், "யாரோ நன்றாக அடித்திருக்கிறார்கள், பாவம்" என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அடியே வாங்காத நாயும் இப்படித்தான் நடுங்கும். 1961-இல் ஃப்ரீட்மன், கிங், எலியட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், வேலியிட்ட மைதானத்தில் நாய்க்குட்டிகளை மனிதத் தொடர்பில்லாமல் வளர்த்தார்கள். சிலவற்றை வெவ்வேறு வயதில் ஒரு வாரம் மட்டும் வெளியே எடுத்து மனிதரோடு பழகவிட்டார்கள். 14 வாரம்வரை அந்தப் பழக்கமே கிடைக்காத குட்டிகள், யாரும் தீங்கு செய்யாமலே, மனிதரைக் கண்டு மிரண்டன. இந்த வேறுபாடு எனக்கு முக்கியம். அடித்த ஒரு கொடியவனைக் கற்பனை செய்துகொண்டால், அவன் செய்ததற்கு ஈடுகட்டும் அவசரம் நமக்கு வந்துவிடுகிறது, கட்டியணைக்கத் துடிக்கிறோம். மனிதரையே அறியாத உயிர் என்று பார்த்தால் அறிமுகத்தை நிதானமாகத் தொடங்குவோம்.

புது வீட்டில் நாய் தேறிவருவதற்கு முதல் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கு எங்களிடையே புழங்குகிறது. பொறுமையை நினைவூட்ட அது போதும். கால அட்டவணையாக எடுத்துக்கொண்டால் ஆபத்து. தேறிய நாயும் பின்வாங்கும். 1924 செப்டம்பரில் ரஷ்யாவின் லெனின்கிராடில் வெள்ளம் வந்தபோது, உடலியல் அறிஞர் பாவ்லோவின் ஆய்வகத்து நாய்கள் மூழ்கும் தறுவாயில் மீட்கப்பட்டன. அவற்றுள் சிலவற்றின் நடத்தை அதன் பிறகு குலைந்துபோயிற்று. நாளடைவில் தேறிவிட்ட ஒரு நாய் இருந்த அறைக்குள், கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டதும் பழைய பீதி திரும்பிவிட்டது. செவலைக்கு ஒரு தட்டு கீழே விழுந்தாலே போதும், மறுபடியும் மேசைக்கு அடியில்தான். அப்போது நானும் தூரமாக உட்கார்ந்து பழையபடி தொடங்குகிறேன். இரண்டாம் முறை அவள் வெளியே வர முன்போல் நேரம் ஆவதில்லை.

தற்காலிகமாக வளர்ப்பவரின் கடமை, நாயைத் தன்மேல் ஒட்டிக்கொள்ளச் செய்வதோடு முடிவதில்லை. என்னிடம் மட்டும் வாலாட்டுகிறாள் என்பதில் எனக்குப் பெருமை வந்துவிடக் கூடாது. அவள் அடுத்த வீட்டில் வாழ வேண்டியவள். அதனால் எது அவளை மிரட்டும், எப்படி விலகுவாள், விலகினால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதி அவளுடனேயே அனுப்புவேன். தத்தெடுக்க வருபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "அவள் உங்களிடம் வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை தொடாமல் இருக்க உங்கள் வீட்டில் எல்லோராலும் முடியுமா, குழந்தைகள் உட்பட?" தயங்கினால் நாயைக் கொடுப்பதில்லை. காப்பகங்களும் தங்கள் தத்தெடுப்பு விண்ணப்பங்களில் இந்தக் கேள்வியைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டின் பரப்பளவைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.