செண்டத்துக்கு மூன்று வளைவு குறைவு

அக்கா மகள் பிளஸ் ஒன் பிரெஞ்சில் 97 மார்க். வீட்டில் எல்லோருக்கும் பெருமை, எனக்கும்தான். போன ஞாயிற்றுக்கிழமை அவளையும் ஏழாவது படிக்கும் அவள் தம்பியையும் கூட்டிக்கொண்டு ஏற்காட்டுக்கு பஸ் ஏறினேன். அடிவாரம் வருவதற்குள் சும்மா கேட்டு வைத்தேன்: "சரி, உன் மார்க்கைப் பிரெஞ்சில் சொல்லு பார்ப்போம்."

விழித்தாள். "அவ்ளோ பெரிய நம்பரெல்லாம் கேக்க மாட்டாங்க மாமா."

அவளைக் குறை சொல்ல மாட்டேன். பத்தாவது வரை தமிழ் படித்த பிள்ளைகள் பிளஸ் ஒன்னில் பிரெஞ்சுக்குத் தாவுவது பெரும்பாலும் ஆசையால் அல்ல. அரிச்சுவடியிலிருந்து தொடங்கும் பாடம், மார்க் அள்ளலாம் என்ற கணக்கு. நான் ஜவ்வரிசி மில்லில் கணக்கு எழுதுகிறவன், எனக்கு அந்தக் கணக்கு புரிகிறது. ஆனால் இரண்டு வருடம் ஒரு மொழியோடு ஒரே வீட்டில் குடியிருந்துவிட்டு, ஒரு நாள்கூட முகம் பார்த்துப் பேசாமல் காலி செய்துகொண்டு போவதை என்னவென்று சொல்ல?

செல்போனில் ஒரு வருடமாக நானும் பிரெஞ்சு தட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கால்வாசி ஞானத்தை வைத்து பஸ்ஸிலேயே வகுப்பைத் தொடங்கினேன். ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் தம்பி தமிழில் எண்ண, அக்கா பிரெஞ்சில் சொல்ல வேண்டும். பன்னிரண்டில் தடுமாறினாள், பதினாறில் சிரித்தாள், கடைசி வளைவில் "வேன்!" என்று கத்தினாள். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

பிரெஞ்சுக்காரர்களுக்கு 80 என்றால் 'காத்ர வேன்', அதாவது நாலு இருபது. நாலு தடவை ஏற்காடு ஏறினால் எண்பது! 97க்கு 'காத்ர வேன் தீசெத்', நாலு இருபதும் பதினேழும். ஐந்தாவது தடவை ஏறும்போது பதினேழாவது வளைவில் நிற்கிறோம். அவளே கண்டுபிடித்தாள்: "அப்போ இன்னும் மூணு வளைவு ஏறியிருந்தா செண்டம் மாமா!"

"ஏன் இப்படிச் சுத்தி வளைச்சு எண்றாங்க?" என்று தம்பி கேட்டான். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் பிரெஞ்சு பேசுகிறவர்கள் 90க்கு 'நோனான்த்' என்று நேராகவே சொல்லிவிடுகிறார்கள் என்றேன். அப்புறம், நாம் மட்டும் என்ன யோக்கியமா? தொண்ணூறுக்குள் நூறும் தொள்ளாயிரத்துக்குள் ஆயிரமும் எப்படி வந்து உட்கார்ந்தன என்று அவனைத் திருப்பிக் கேட்டேன். மலை ஏறும் வரை வாயைத் திறக்கவில்லை பையன்.

என் ஆதங்கம் இதுதான். நம் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சை ஆங்கிலத்தின் வழியாகச் சொல்லித்தருகிறோம். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. பிரெஞ்சில் 'தியு' ஒன்று, 'வூ' ஒன்று. இதை ஆங்கிலத்தில் அரை மணி நேரம் விளக்குகிறார்கள். "தியு என்றால் நீ, வூ என்றால் நீங்கள்" என்று சொன்னால் முடிந்தது கதை. மரியாதைக்கும் அதே 'வூ', பல பேரைச் சேர்த்துச் சொல்லவும் அதே 'வூ', அப்படியே நம் நீங்கள்.

மூக்கால் பேசும் பிரெஞ்சு ஒலிகளுக்கும் பயப்பட ஒன்றுமில்லை. மரம் என்று எழுதுகிறோம், பேசும்போது உதட்டை மூடி 'ம்' சொல்கிறோமா? அது மூக்குக்குள் போய்விடுகிறது. அதே வித்தைதான். (ஆனால் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பதற்கு அஃறிணை தெரிந்த நம்மிடம் மருந்து கிடையாது. மனப்பாடம்தான்.)

ஜப்பான் மொழி இன்னும் பக்கம். 'வாதாஷி வா ஏற்காடு நி இகிமாஸ்': நான் ஏற்காட்டுக்குப் போகிறேன். நம் சொல்வரிசையே. கடைசியில் 'கா' சேர்த்தால் கேள்வி, நாம் 'ஆ' சேர்ப்பதைப் போல. இதை ஆங்கிலம் வழியாகப் படிப்பது, சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து பக்கத்திலேயே இருக்கும் பொன்னம்மாப்பேட்டைக்கு ஈரோடு சுற்றிப் போவதற்குச் சமம்.

அந்தத் தெருக்களில் வீட்டில் சௌராஷ்டிரமும் கடையில் தமிழும் பேசும் பிள்ளைகள் எத்தனை பேர்! பக்கத்துத் தெருவில் தெலுங்கு, கன்னடம். மூன்று மொழியில் சண்டை போடத் தெரிந்த பிள்ளையை உட்கார வைத்து "உனக்கு லாங்குவேஜ் வராது" என்று சொல்ல எப்படி மனம் வருகிறதோ.

ஆசிரியர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். முதல் மாதம் நோட்டை மூடி வையுங்கள். தப்புத்தப்பாகப் பேசட்டும், சிரிக்கட்டும், வீட்டு மொழியோடு ஒட்டிப் பார்க்கட்டும். மார்க் எங்கும் ஓடிவிடாது.

இறங்கும்போது இருவரும் 20லிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தார்கள். பாதியில் தம்பி, "70க்கு என்ன?" என்றான். அறுபதும் பத்தும் என்றாள் அக்கா. அவன் கொஞ்சம் யோசித்தான்.

"அப்போ மூணு தடவை மேல போயிட்டு, நாலாவது தடவை பத்தாவது வளைவுல பஸ் பிரேக்டவுன்!"