வெட்டுவான் கோயிலோடு திரும்பிவிடாதீர்கள்

கழுகுமலையின் வெட்டுவான் கோயில் பற்றிய உங்கள் கட்டுரை நன்று. ஆனால் தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலை என்றால் வெட்டுவான் கோயில் மட்டும்தானா? மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து, பாதியில் விட்டுப்போன 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை அது. அழகுதான், மறுக்கவில்லை. அப்பன் சிற்பி மகன் சிற்பியைக் கொன்ற கதையையும் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கம் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை, வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதே பாறையில் இன்னும் கொஞ்சம் ஏறினால் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், அதாவது சமணர் வணங்கும் அருகர்களின் சிற்பங்கள். பல உருவங்களுக்குக் கீழே செய்வித்தவர் பெயரும் ஊரும் வட்டெழுத்தில், அதாவது பழந்தமிழ் எழுத்து முறையில் இருக்கிறது. அதில் குரத்தியர், அதாவது சமணப் பெண் துறவிகளின் பெயர்களும் உண்டு. எனக்கு அரசன் பெயரைவிட இதுதான் பெரிது.

அப்புறம், அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி குடைவரைக் கோயில். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து இந்த முருகன்மேல் பாடியதுதான், அதற்கு ஒரு வரிகூட இல்லையே! கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் காலையிலேயே ஏறிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் பாறையில் கால் வைக்க முடியாது.