எரிமலைக்கு எதிரே 6 லட்சம் பேர்

ககோஷிமா என்று பேச்செடுத்தாலே முதலில் வரும் கேள்வி, "எரிமலைக்குப் பக்கத்துல போய் ஏன் குடியிருக்காங்க, பைத்தியமா?" என்பதுதான். எனக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. அந்த ஊர்க்காரர்கள் ஏதோ விவரம் தெரியாமல் உட்கார்ந்திருப்பது போன்ற ஒரு நினைப்பு அதற்குள் இருக்கிறது. ஆனால் தன் எரிமலையைப் பற்றி இவ்வளவு விவரமாகத் தெரிந்துவைத்திருக்கும் ஊர் உலகத்திலேயே குறைவு.

ஜப்பானின் தெற்கே, கியூஷு தீவின் கடைக்கோடியில் இருக்கும் துறைமுக நகரம் இது. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், சுமார் 4 கிலோமீட்டரில் சகுராஜிமா எரிமலை. படகில் 15 நிமிடம், ராத்திரியிலும் படகு உண்டு. 1955-லிருந்து அந்த மலை கூடியும் குறைந்தும் வெடித்துக்கொண்டே இருக்கிறது. குளிர்காலத்தில் காற்று சாம்பலை எதிர்ப்பக்கம் கொண்டுபோய்விடும். கோடையில் கிழக்குக் காற்று அடித்தால் எல்லாம் நகரத்தின் தலையில்தான். அதனால் அங்கே வானிலை அறிக்கையில் மழை வெயிலோடு, சகுராஜிமாவுக்கு மேலே காற்று எந்தப் பக்கம் என்பதையும் சொல்வார்கள். துணியை வெளியே காயப்போடலாமா வேண்டாமா என்பது அதைப் பொறுத்தது.

இந்தச் சாம்பல் அடுப்புச் சாம்பல் மாதிரி மெத்தென்று இருக்காது. பொடிந்த பாறையும் கண்ணாடித் துகளும் கலந்தது, கையில் எடுத்தால் நறநறக்கும். கார் கண்ணாடியில் படிந்திருக்கும்போது தண்ணீர் ஊற்றாமல் வைப்பரைப் போட்டால் கண்ணாடி கீறிப்போகும். நகராட்சி வீடுகளுக்கு மஞ்சள் நிறப் பைகளைக் கொடுக்கிறது. வாசலில் கூட்டிய சாம்பலை அதில் கட்டி, தெருவில் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் வைத்தால் வண்டி வந்து எடுத்துப் போகும். நம் தெருவில் குப்பை எடுப்பது போலச் சாதாரண வேலையாக இது நடக்கிறது. சகுராஜிமாவிலேயே வாழ்பவர்களும் சில ஆயிரம் பேர் உண்டு. அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் தலையில் ஹெல்மெட்டோடு நடந்து போவார்கள், கல்லறைகளுக்குக்கூடக் கூரை போட்டிருப்பார்கள்.

இதெல்லாம் சும்மா வந்த பழக்கமில்லை. 1914 ஜனவரியில் நிலம் அடிக்கடி ஆடியது, கிணற்று நீர் கொதித்தது. கிராமத் தலைவர் வானிலை நிலையத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். சகுராஜிமா வெடிக்காது என்று பதில் வந்தது. பலர் அதை நம்பாமல் தாங்களாகவே படகேறித் தப்பினார்கள். பதிலை நம்பித் தங்கியவர்களில் சிலர் ஜனவரி 12 அன்று மலை வெடித்தபோது குளிர்ந்த கடலில் குதித்து மாண்டார்கள். அன்று மாலை பெரிய நிலநடுக்கம் வேறு. மொத்தம் 58 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். எரிமலைக் குழம்பு கடலையே மூடி, அதுவரை தீவாக இருந்ததைக் கிழக்கே நிலத்தோடு ஒட்டவைத்துவிட்டது. குரோகாமி என்ற இடத்தில் 3 மீட்டர் உயரக் கோவில் தோரண வாயில் சாம்பலில் புதைந்து, இன்றும் ஏறக்குறைய 1 மீட்டர்தான் வெளியே தெரிகிறது. தோண்டி எடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

10 வருடம் கழித்து ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு கல் நட்டார்கள். ஏட்டுக் கோட்பாட்டை நம்பி உட்காராதே, அறிகுறி தெரிந்தால் கிளம்பத் தயாராகு என்பது அதன் சாரம். இதை அறிவியலுக்கு எதிரான கல் என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. கிணற்று நீர் கொதிப்பதைப் பார்த்துக் கிளம்பு என்பது அறிவியல் இல்லாமல் வேறென்ன? 1960-லிருந்து கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் அங்கேயே இருக்கிறது. மலைக்குள் சுரங்கம் தோண்டி, நிலம் இம்மியளவு சாய்ந்தாலும் அளக்கிறார்கள்.

அடிபட்ட இடத்திலிருந்து கற்றுக்கொள்வது அந்த ஊருக்கு எரிமலை மட்டும் கொடுத்த குணமில்லை. 1862-ல், ககோஷிமாவைத் தலைநகராகக் கொண்ட சாத்சுமா சிற்றரசின் சாமுராய்கள் ஓர் ஆங்கிலேய வணிகரைக் கொன்றார்கள். அடுத்த வருடம் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வந்து ககோஷிமாவின் ஒரு பகுதியைக் கொளுத்தின. அப்புறம் என்ன செய்தார்கள்? 1865-ல், நாட்டைவிட்டு வெளியே போகவே தடை இருந்த காலத்தில், 19 பேரைக் கள்ளப் பெயரில் அதே பிரிட்டனுக்குப் படிக்க அனுப்பினார்கள். அவர்களில் ஒருவரான மோரி அரினோரி பின்னாளில் ஜப்பானின் முதல் கல்வி அமைச்சர். இந்த ஊருக்கு வெளியுலகம் புதிதும் இல்லை. நம் முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த புனித சவேரியார் 1549-ல் ஜப்பானில் கால்வைத்த இடம் ககோஷிமாதான்.

எல்லாவற்றையும் புகழ வரவில்லை. சாத்சுமாவின் செல்வத்தில் பெரும்பங்கு, தெற்கே தன் பிடியில் வைத்திருந்த அமாமி தீவு மக்களைக் கரும்பு பயிரிடச் சொல்லிக் கசக்கிப் பிழிந்து வந்தது. அதைச் சொல்லாமல், சாத்சுமாவை ஆண்ட ஷிமாசு பிரபுக்களின் அழகிய தோட்டத்தை மட்டும் காட்டும் சுற்றுலா விளம்பரங்கள் எனக்கு உறுத்தலாக இருக்கின்றன. எரிமலையோரம் இருக்கும் இத்தாலிய நகரத்தை வைத்துச் சூட்டிய "கிழக்கின் நேப்பிள்ஸ்" என்ற பட்டமும் அந்த ஊருக்குத் தேவையில்லை.

சரி, நிகழ்காலத்துக்கு வருவோம். வளைகுடாவின் அடியில் மாக்மா, அதாவது உருகிய பாறைக் குழம்பு, மறுபடியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. இன்னொரு 1914 வரும் என்ற கணக்கில்தான் நகராட்சி திட்டம் போடுகிறது, வருடா வருடம் ஒத்திகையும் நடக்கிறது. சகுராஜிமாவில் இருப்பவர்களைப் படகில் ஏற்றிவிடலாம். ஆனால் அது கோடையில் வெடித்து, கிழக்குக் காற்றும் அடித்து, நகரத்தின் மேலேயே சாம்பலும் நுரைக்கல்லும் குவிந்தால், ரயிலும் காரும் ஓடாத தெருக்களிலிருந்து 6 லட்சம் பேரை எப்போது, எந்த வழியாக வெளியேற்றுவது? ககோஷிமாவைப் பற்றிக் கேட்பதென்றால் இதைக் கேளுங்கள்.