வேகன்சி இருக்கிறதா சார்?

போன மாதம் என் பழைய லேபிலிருந்து ஒரு ஜூனியர் கூப்பிட்டாள். "அக்கா, போஸ்ட்டாக் கேட்டு 200 மெயில் போட்டுட்டேன். ஒருத்தர்கூட பதில் போடல." போஸ்ட்டாக் என்றால் பிஎச்டி முடித்த பிறகு ஒரு லேபில் சில காலம் செய்யும் ஆராய்ச்சி வேலை. அந்த மெயில்களில் ஒன்றை அனுப்பச் சொல்லிப் படித்தேன். 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி, பத்தாம் வகுப்பு மார்க்கிலிருந்து எல்லாம் இருந்தது. கடைசி வரி: உங்கள் லேபில் வேகன்சி இருக்கிறதா?

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் இதையேதான் செய்தேன். அதைவிட மோசம், ஒரு சுவிட்சர்லாந்துக்காரருக்கு அனுப்பிய மெயிலில் அதற்கு முன் எழுதிய ஸ்வீடன்காரரின் பெயரை மாற்ற மறந்துவிட்டேன். அந்த மாதம் எனக்கு வந்த ஒரே பதில் அவருடையதுதான். "நான் அவர் இல்லை" என்று ஒரு வரி.

வேகன்சி கேட்பதே தப்பு என்பேன். பெரும்பாலான லேபுகளில் நாற்காலி சும்மா காலியாகக் கிடக்காது. ப்ராஜெக்ட் பணம் வந்தால்தான் ஆள் எடுப்பார்கள். அப்போதும் தெரிந்த பையன் ஒருவன் மனதில் இருப்பான். 'நான் ஃபெல்லோஷிப்புக்கு எழுதப் போகிறேன், ஹோஸ்ட்டாக இருப்பீர்களா?' என்று கேட்டுப் பாருங்கள். ஃபெல்லோஷிப் என்றால் உங்கள் பெயருக்கு வெளியிலிருந்து வரும் ஆராய்ச்சி உதவித்தொகை; ஹோஸ்ட் என்றால் உங்களைத் தன் லேபில் வைத்துக்கொள்ளச் சம்மதிப்பவர். அது கிடைத்துவிட்டால் அவர் கைக்காசு போகாமல் லேபுக்கு ஒரு ஆள். அவருடைய சமீபத்திய பேப்பரில் பாக்கி நிற்கும் ஒரு கேள்வியையும், அதற்கு உங்கள் கையில் இருக்கும் வித்தையையும் நாலு வரியில் சொன்னால் போதும், நின்று படிப்பார். அப்படி எழுத ஒரு மெயிலுக்கு இரண்டு நாள் ஆகும். 200 போட முடியாது, பத்துதான் முடியும்.

ஐரோப்பாவின் மேரி க்யூரி ஃபெல்லோஷிப்பில் ஹோஸ்ட் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது. கடைசித் தேதி வழக்கமாக செப்டம்பரில். போகிற நாட்டில் அதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. நம் ஊரிலிருந்து நேராகப் போகிறவருக்கு இது பிரச்சினையே இல்லை. ஜெர்மனியின் ஹம்போல்ட் ஃபெல்லோஷிப்புக்கும் ஹோஸ்ட் வேண்டும். கிடைப்பது சுலபம் என்று சொல்லவில்லை. 2025-ல் மேரி க்யூரிக்கு வந்த விண்ணப்பங்கள் 17,000-க்கும் மேல். ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் தேறுவார். அதனால்தான் மார்ச்சிலேயே ஹோஸ்ட்டைப் பிடிக்கச் சொல்கிறேன். ஆகஸ்டில் மெயில் போட்டால் பாதிப் பேர் லீவில் இருப்பார்கள்.

அப்புறம் பரிந்துரைக் கடிதம். "நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்று சொல்லும் கைடுகள் இன்னமும் இருக்கிறார்கள். மூன்று கடிதமும் ஒரே கை எழுதியது என்று படிக்கிறவருக்குத் தெரியாதா என்ன?

சரி, நம் ஜூனியர் விஷயம். உட்கார்ந்து நாலே நாலு மெயில் எழுதினாள். நேற்று ஒருவர் பதில் போட்டிருக்கிறார்: பணம் இல்லை, ஆனால் சேர்ந்து மேரி க்யூரி எழுதலாம். அதற்கு, கடைசித் தேதிக்குள் வைவா, அதாவது பிஎச்டியின் கடைசி வாய்மொழித் தேர்வு, முடிந்திருக்க வேண்டும். இவள் தீசிஸ் கொடுத்து எட்டு மாதமாகிறது. தீசிஸை மதிப்பிடும் வெளித் தேர்வாளர்களில் (எக்ஸ்டர்னல்) ஒருவரின் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை; அது வந்தால்தான் வைவா. பல்கலைக்கழகத்தில் கேட்டால், "ரிமைண்டர் அனுப்பியிருக்கோம்மா" என்கிறார்கள்.