எண்பதாவது சுதந்திர தினத்துக்கு ஒரு முன்கூட்டிய முணுமுணுப்பு

2028 பெப்ரவரி 4, இலங்கைக்கு எண்பதாவது சுதந்திர தினம். அதற்கும் ஒரு குழு போடுவார்கள். கொழும்பு காலிமுகத்திடலில் எத்தனை கதிரை, எந்தப் படைப்பிரிவு முன்னால் போவது, தமிழில் தேசிய கீதம் உண்டா இல்லையா என்று கூடிப் பேசுவார்கள். அந்தக் கடைசிக் கேள்விக்காக நாங்களும் இங்கே ஒரு மாதம் அடித்துக்கொள்வோம். 2016இல் பாடினார்கள், சந்தோசப்பட்டோம். 2020இல் விட்டுவிட்டார்கள், கொதித்தோம். அரசியலமைப்பிலேயே தமிழ் வரிகள் இருக்கின்றன. பாடுவதற்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் யாராவது மனசு வைக்க வேண்டும்.

எனக்கு இப்போது அந்தச் சண்டையில் அவ்வளவு பிடிப்பில்லை. சுதந்திர தினம் என்றாலே அப்பாயியின் பிஸ்கட் டின்தான் ஞாபகம் வரும். தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்துக் காம்பராவில், கட்டிலுக்கு அடியில் கிடக்கும். உள்ளே பொலித்தீன் பையில் மூன்று சுற்று சுற்றிய பிரஜாவுரிமைச் சான்றிதழ். கூரை ஒழுகினால் அப்பாயி முதலில் அந்த டின்னைத்தான் நகர்த்தும். அரிசி மூட்டையெல்லாம் அப்புறம்தான்.

இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழர் நாங்கள், 1947 தேர்தலில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சனம். 1948 பெப்ரவரியில் கொடி ஏறியது. அந்த வருசம் முடிவதற்குள் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எங்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து 5,25,000 பேர் அங்கே இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டார்கள். (கொழுந்து நிறுக்கிறபோதுகூட இப்படி மிச்சம் வைக்க மாட்டார்கள்.) அப்பாயியின் அண்ணன் ‘அங்கே’ கணக்கில் கப்பலேறினார். அப்பாயி ‘இங்கே’.

2023இல் அரசாங்கம் 75ஐக் கொண்டாடியது. அதே வருசம்தான் மலையகம் 200, அதாவது எங்கள் ஆட்கள் தோட்டத்துக்கு வந்து இருநூறு வருசம் என்று, அவர்கள் அன்றைக்குக் கரையிறங்கிய தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை சனம் நடந்தது. நான் கடைசி நாள் போய்ச் சேர்ந்துகொண்டேன். ஒரே நாடு, ஒரே வருசம், இரண்டு விழா. ஒன்றை ஒன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதனால் கேட்கிறேன். அழைப்பிதழ் அச்சடித்த பிறகு எங்களில் நாலு பேரைப் பொட்டு வைத்து மேடையேற்ற வேண்டாம். குழுவின் முதல் கூட்டத்திலேயே தோட்டத்து ஆள் ஒருவர் உட்காரட்டும், கையெழுத்துப் போடுகிற உரிமையோடு. வடக்கில் அன்றைக்குக் கறுப்புக் கொடி கட்டுகிறவர்களின் கணக்கு வேறு, அதை அவர்கள் வாயாலேயே கேளுங்கள். அணிவகுப்பில் பாதியைக் குறைத்துவிட்டு அந்த 1948 சட்டத்தை மேடையிலிருந்து மூன்று மொழியிலும் வாசியுங்கள்.

அன்றைய நிகழ்ச்சியில் ஒன்றையாவது தலைமன்னார் பழைய இறங்குதுறைக்குக் கொண்டுபோங்கள். அங்கே நிழல் கிடையாது. பந்தல் செலவையும் இப்போதே கணக்கில் எழுதிவிடுங்கள்.