அமெரிக்கத் தேர்தலை வெளிநாட்டவர் பார்வையிடுவதே இல்லையா?

“ஊர் உலகத் தேர்தல்களையெல்லாம் குறைசொல்லும் அமெரிக்கா, தன் அதிபர் தேர்தலுக்கு வெளிநாட்டுப் பார்வையாளரை விட்டதே இல்லை” என்று வாட்ஸ்அப்பில் வலம்வரும் செய்தி தவறானது. தேர்தலுக்குப் பிற நாட்டுப் பார்வையாளரை அழைப்பதாக 1990-ஆம் ஆண்டின் கோபன்ஹேகன் ஆவணத்தில் அமெரிக்கா உள்ளிட்ட நாடுகள் அளித்த உறுதிமொழிப்படி, அமெரிக்காவும் அங்கம் வகிக்கும் ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்பின் பார்வையாளர்கள் 2004 முதல் ஒவ்வொரு அதிபர் தேர்தலுக்கும் அமெரிக்க அரசின் அழைப்பின்பேரிலேயே சென்றுள்ளனர். 2016-இல் வட, தென் அமெரிக்கக் கண்டங்களின் நாடுகள் சேர்ந்த அமெரிக்க நாடுகள் அமைப்பும் முதன்முறையாகச் சென்றது. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், சில இடங்களில் வாக்குச்சாவடிக்குள் அவர்களுக்கு அனுமதியில்லை என்பது உண்மையே. 2012-இல் டெக்சாஸ் தலைமை வழக்கறிஞர், நுழைவாயிலிலிருந்து 100 அடிக்குள் வந்தால் குற்ற நடவடிக்கை பாயலாம் என்று எழுத்து மூலமே எச்சரித்தார். ஆயினும் தண்டனை பெற்றோர் வாக்குரிமை இழப்பதை ஐரோப்பியப் பார்வையாளர்களின் அறிக்கைகள் வெளிப்படையாகவே குறைகூறியுள்ளன; அவற்றை அவ்வமைப்பின் இணையதளத்தில் எவரும் படிக்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.